கொசு ஒழிப்பும் ஊர்ப் பணமும்

மலேரியா மலிந்த ஊரில் அதை ஒழிக்கப் பணம் வேண்டுமென்றால் மறுப்பவர் இல்லை. மலேரியா தணிந்த ஊரில் அதே பணத்தைக் கேட்டால், 'எதற்கு?' என்று கேளாதவர் இல்லை. புதுவை இன்று இந்த இரண்டாவது நிலைமையில் இருக்கிறது. குளிரும் நடுக்கமுமாக முறைக்காய்ச்சல் கண்டு நமது ஆஸ்பத்திரிகளுக்கு வருகிறவர்கள் மிகச் சிலர். அவர்களிலும் பலர் வேறு ஊர்களில் கொசுக்கடி பட்டு இங்கே வந்து படுத்தவர்கள். இது நாம் மகிழ வேண்டிய விஷயமே. ஆனால் மகிழ்ச்சியோடு ஒரு கேள்வியும் எழுகிறது. இந்த நிலைமையைக் காப்பாற்ற வருஷந்தோறும் ஆகும் செலவை யார் கொடுப்பது? டில்லி சர்க்காரா, புதுவை சர்க்காரா, நகரசபையா, வீட்டுக்காரரா? இந்தக் கேள்விக்கு நேரான விடை இல்லாமையே நமது ஊரின் ஆரோக்கியத்துக்கு உள்ள பெரிய அபாயம் என்பது நமது அபிப்பிராயம்.

அபாயம் என்ற சொல்லை நாம் வீணுக்கு உபயோகிக்கவில்லை. தேச சரித்திரமே இதற்குச் சாட்சி. 1947-ல் நாடு விடுதலை பெற்றபோது, வருஷத்தில் ஏழரைக் கோடி ஜனங்கள் மலேரியாவினால் பீடிக்கப்பட்டார்கள் என்றும், எட்டு லட்சம் பேர் மாண்டார்கள் என்றும் மதிப்பிடப்பட்டது. 1953-ல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் ஆரம்பமாயிற்று. அதற்கு அமெரிக்க உதவியும் கிடைத்தது. வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. மருந்து தெளிக்கப்பட்டது; பலன் கண்கூடாகத் தெரிந்தது. 1958-ல் 'கட்டுப்பாடு' என்ற பெயர் போய் 'ஒழிப்பு' என்ற பெயர் வந்தது. 1965-ல் தேசம் முழுவதிலும் பதிவான நோயாளிகள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேரே. ஏழரைக் கோடி எங்கே, ஒரு லட்சம் எங்கே!

அப்புறம் நடந்தது என்ன? நோய் குறைந்தவுடன் சிரத்தையும் குறைந்தது. உலக மலேரியா ஒழிப்புக்கென்று அமெரிக்கா கொடுத்துவந்த விசேஷ நிதி 1963-உடன் நின்றது. டி.டி.டி. வேண்டிய காலத்தில் வேண்டிய அளவு வந்து சேரவில்லை. 1973-ல் எண்ணெய் விலை ஏறியபோது பூச்சி மருந்துகளின் விலையும் ஏறியது. கொசுவோ மருந்தைத் தாங்கப் பழகிக்கொண்டது. காய்ச்சல் நின்ற பிரதேசங்களைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டிய ஆரோக்கிய நிலையங்களில் போதிய ஆட்கள் இல்லை. 1976-ல் பதிவான நோயாளிகளின் தொகை 64 லட்சம்! பதினோரு வருஷத்தில் ஒன்று அறுபத்துநான்காயிற்று. 1977-ல் திட்டத்தைத் திருத்தி, கிராமந்தோறும் ஜுர சிகிச்சை நிலையங்களும் மருந்து விநியோக நிலையங்களும் ஏற்படுத்தி, பள்ளி ஆசிரியர்களையும் கிராமத் தொண்டர்களையும் துணைக்கழைத்த பிறகே வெள்ளம் வடியத் தொடங்கிற்று.

இது நமது தேசத்தின் கதை மாத்திரம் அன்று. 1930-கள் முதல் உலகத்தின் பல பாகங்களில் மலேரியா தணிந்து மீண்டும் தலையெடுத்த சம்பவங்களை நிபுணர் சிலர் தொகுத்து 2012-ல் வெளியிட்டார்கள். 61 நாடுகளில் நிகழ்ந்த அத்தகைய சம்பவங்கள் 75. அவற்றில் 68-க்கு, ஒழிப்பு வேலை தளர்ந்தது ஒரு காரணம் என்று கண்டார்கள். அந்த 68-ல் பாதிக்கு மேற்பட்டவற்றில் வேலை தளர்ந்ததற்குக் காரணம் பணமுடை. மழையும் வெப்பமும் கொசுவும் துணைக் காரணங்களாக இருந்திருக்கலாம். ஆனால் வாசலைத் திறந்துவிட்டது கஜானாவின் சோர்வு. இந்த உண்மையை நமது பொது ஊழியர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

கடலுக்கு அப்பால் அண்டையிலே இருக்கும் இலங்கையைப் பாருங்கள். 1934-35-ல் அங்கே பரவிய மலேரியா எண்பதினாயிரம் உயிர்களைக் குடித்தது. பிறகு டி.டி.டி. வந்தது. 1963-ல் தீவு முழுவதிலும் பதினேழே பேருக்குத்தான் மலேரியா. வேலை முடிந்துவிட்டதென்று தெளிப்பை நிறுத்தினார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள், ஒரே வருஷத்தில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் காய்ச்சல் கண்டது. ஆனால் இலங்கை அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1911-ல் குருநாகலையில் தொடங்கிய மலேரியா எதிர்ப்பு இயக்கத்தை அது கலைத்துவிடவில்லை. பல வருஷங்கள் யுத்தத்தினால் அல்லலுற்ற காலத்திலும் வேலையைத் தொடர்ந்தது. அந்நாட்டிலேயே தொற்றிய கடைசி நோயாளி 2012 அக்டோபரில் பதிவானார். 2016 செப்டம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது. அதன் பின்னரும், வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு நோயாளியையும் தேடிப் பிடிக்கும் வேலையை அது விடவில்லை.

வெளியார் பணத்தை நம்பி இருப்பதன் பலனை உலகம் சமீபத்தில் மறுபடியும் கண்டது. 2023-ல் உலகத்தில் 26 கோடியே 30 லட்சம் பேருக்கு மலேரியா கண்டது. 5,97,000 பேர் மாண்டார்கள். அவ்வருஷம் மலேரியாவை எதிர்க்க 830 கோடி டாலர் வேண்டும் என்று கணக்கிட்டிருந்தார்கள். கிடைத்தது 400 கோடி. அதிலும் நோயுள்ள நாடுகள் தாமே போட்ட பணம் மூன்றிலொரு பங்குக்குச் சற்று அதிகம். மற்றது வெளியார் கொடுத்தது. 2025 தொடக்கத்தில் அமெரிக்க சர்க்கார் தன் வெளிநாட்டு உதவியைத் திடீரென்று நிறுத்திவைத்தபோது, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் கொசுவலையும் மருந்தும் பரிசோதனைச் சாமான்களும் எங்கிருந்து வருமென்று தெரியாமல் அதிகாரிகள் திகைத்தார்கள். கொடுப்பவன் கை எப்பொழுதும் மேலே இருக்கிறது. அதை மடக்கிக்கொள்ள அவன் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நமது தேசம் அந்த நிலைமையில் இல்லை. அதற்காக நாம் பெருமைப்படலாம். 2015-ல் இந்தியாவில் பதிவான மலேரியா நோயாளிகள் 11 லட்சத்து 69 ஆயிரம். 2023-ல் 2 லட்சத்து 27 ஆயிரம். 2030-க்குள் மலேரியாவை அறவே ஒழிப்பது தேசத்தின் குறிக்கோள். ஆயினும், லண்டனையோ வாஷிங்டனையோ நம்புவது தவறென்றால், நமது வீட்டுக் கொசுவுக்கு டில்லியை மாத்திரம் நம்புவது எப்படிச் சரியாகும்? 1979-லேயே மத்திய சர்க்கார், மலேரியா ஒழிப்புச் செலவில் பாதியை ராஜ்யங்கள் ஏற்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தது. மருந்தையும் கருவியையும் மேலிடம் கொடுக்கலாம். ஆனால் தெருத் தெருவாகச் சென்று கிணற்றையும் தொட்டியையும் பார்க்கும் ஆளுக்குச் சம்பளம் கொடுப்பதும், அவன் வேலை செய்தானா என்று பார்ப்பதும் ஸ்தலத்திலேதான் நடக்க முடியும். மேலிடம் இந்த வருஷம் எங்கே காய்ச்சல் அதிகமோ அங்கே பணத்தை அனுப்பும். அது நியாயமும் ஆகும். ஆகவே காய்ச்சல் தணிந்த ஊர் தன் காவலுக்குத் தானே பணம் தேடிக்கொள்ள வேண்டும்.

இந்த விஷயத்தில் புதுவைக்கு உள்ள பாக்கியம் வேறு எந்த ஊருக்கும் எளிதில் கிடைக்காது. கொசு முதலியவற்றால் பரவும் நோய்களை ஆராய்வதற்கென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1975-ல் ஒரு நிலையத்தை ஸ்தாபித்தது புதுவையிலேதான். 1970-களிலேயே நமது நகரத்துக் கிணறுகளில் கொசுப்புழுவைத் தின்னும் சிறு மீன்களை விட்டு, செலவில்லாமல் கொசுவைக் குறைக்கும் வழியை அந்நிலையத்தார் பரிசோதித்துக் காட்டினார்கள். 1981 முதல் 1985 வரை, யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுவை எதிர்த்து நகரம் முழுவதிலும் பெரிய முயற்சி ஒன்றை நடத்தினார்கள். சாக்கடையைச் சீர்ப்படுத்துவது, தேங்கிய குட்டையைத் தூர்ப்பது, மலக்குழிக் குழாய்களுக்கு வலை கட்டுவது, மீன் விடுவது ஆகிய பல வழிகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கொசுவைக் குறைக்கலாம் என்பதைப் புதுவை நகரமே நாட்டுக்கு எடுத்துக்காட்டிற்று.

இவற்றைவிட நமது விஷயத்துக்கு நெருங்கியது கடற்கரைக் கிராமங்களின் அனுபவம். அக்கிராமங்களில் மலேரியாவைப் பரப்புவது அனோபிலிஸ் சப்பிக்டஸ் என்ற கொசு என்பதை நிபுணர்கள் 1981-ல் வெளியிட்டார்கள். கடலோரத்து உப்பங்கழிகளில் அடர்ந்து படரும் பாசியின் நடுவே அது முட்டையிட்டது. பாசி மறைவு கொடுத்ததால் மீன் உள்ளே புகுந்து புழுவைத் தின்ன முடியவில்லை. மருந்து தெளித்தால் சில நாள் பலன். மறுபடியும் அதே கதை. ஆகவே பாசியையே வாரி எடுப்பது என்று முடிவாயிற்று. ஆனால் கழியில் இறங்கிப் பாசி வாருகிறவனுக்கு அன்றைக் கூலி யார் கொடுப்பார்? அதைச் சிந்தித்து, அந்தப் பாசியைக் காகிதம் செய்ய உபயோகிக்கலாம் என்றும், சுத்தமான கழியில் மீனும் இறாலும் வளர்க்கலாம் என்றும் கிராமத்தாருக்குக் காட்டினார்கள். கொசுவை எதிர்க்கும் வேலை வயிற்றுக்கும் வழி காட்டும் வேலையாயிற்று.

இதே நிலையத்தார் கேரளத்தில் சேர்த்தலைப் பகுதியிலும் இந்த முறையைக் கையாண்டார்கள். அங்கே வீட்டுக்கு வீடு குளம் உண்டு. குளங்களில் மிதக்கும் பூண்டுகளின் வேரைப் பற்றிக்கொண்டு யானைக்கால் நோயைப் பரப்பும் மான்ஸோனியாக் கொசுவின் புழு மூச்சு விடும். பூண்டை எடுத்தால் புழு சாகும். பூண்டை எடுத்து மீன் வளர்த்தால் குடும்பத்துக்கு வரும்படி கிடைக்கும். வரும்படி கிடைத்ததால், சர்க்கார் சிப்பந்தி வந்து பார்க்காத நாளிலும் குளத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வீட்டாருக்குக் காரணம் இருந்தது. ஸ்தல ஒத்துழைப்பு என்பது மேடைப் பிரசங்கத்தால் வருவதன்று. கொடுப்பவன் தனக்கும் ஒரு நன்மையைக் கண்டால் நிலைத்து நிற்பது. இதுவே இந்த இரண்டு அனுபவங்களிலிருந்தும் நாம் கற்கத் தக்கது.

ஊருக்கு நீர் கொடுத்த ஒருத்தியின் பெயரைப் புதுவை இன்றும் மறக்கவில்லை. தன் மாளிகையை இடித்துவிட்டு அவ்விடத்தில் குளம் வெட்டியவள் ஆயி என்பது நமது ஊர் வழக்கு. முத்திரைப்பாளையத்து நீரைப் பிரஞ்சுக்காரர் நகரத்துக்குக் கொண்டுவந்தபோது அவள் நினைவாக எழுப்பிய மண்டபம் பாரதி பூங்காவின் நடுவில் நிற்கிறது. பொது நன்மைக்குச் சொந்தப் பொருளைக் கொடுக்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று. ஆனால் ஒருத்தியின் தியாகத்தால் ஒரு குளம் உண்டாகலாம். பல்லாயிரம் வீடுகளில் வாரந்தோறும் செய்ய வேண்டிய வேலை தியாகத்தால் நடவாது. அதற்கு ஒழுங்கான ஏற்பாடு வேண்டும்.

இனி, ஸ்தல உதவி என்றால் என்ன என்பதைத் தெளிவாகப் பிரித்துப் பார்ப்போம். அது மூன்று வகை. முதலாவது, வரியாகவும் கட்டணமாகவும் வரும் பணம். இரண்டாவது, உழைப்பு. மூன்றாவது, தன் வீட்டிலும் தன் நிலத்திலும் கொசு உற்பத்தியாகாமல் பார்த்துக்கொள்ளும் கடமை. மூன்றாவதே மிகப் பெரியது என்பதை நம்மவர் உணர்வதில்லை. நகரத்தில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டிபென்ஸி என்ற கொசு சாக்கடையில் பிறப்பதன்று. மூடாத கிணற்றிலும், மாடித் தொட்டியிலும், கட்டிட வேலைக்காகத் தேக்கிய நல்ல நீரிலும் பிறப்பது. டெங்குக் கொசுவும் அப்படியே நல்ல தண்ணீரை நாடுவது. சாக்கடையில் பிறந்து இரவெல்லாம் தூக்கத்தைக் கெடுக்கும் கொசு வேறு. அது யானைக்கால் நோய்க்குக் காரணமாவது. ஜனங்கள் சாக்கடையைக் காட்டி நகரசபையைத் திட்டிக்கொண்டிருக்கையில், மலேரியாக் கொசு அவர்கள் தலைக்கு மேலே மாடித் தொட்டியில் வளர்கிறது.

முட்டை கொசுவாவதற்கு நமது சீதோஷ்ணத்தில் ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை செல்லும். வாரத்தில் ஒரு நாள் தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவினாலும், இறுக மூடி வைத்தாலும், கிணற்றில் மீன் விட்டாலும் அந்தச் சங்கிலி அறுந்துபோகும். ஒரு மூடியின் விலை ஒரு நாள் வைத்தியச் செலவைவிடக் குறைவு. இதை விட்டுவிட்டு, சாயங்காலத்தில் தெருவில் புகையடித்துக்கொண்டு போகும் வண்டியைக் கண்டு திருப்தி அடைகிறோம். புகை பறக்கும் கொசுவில் ஒரு பகுதியைக் கொல்லும். நீரிலுள்ள புழுவைத் தொடாது. தொற்று பரவும் சமயத்தில் அதற்கு உபயோகம் உண்டு. அன்றாட வைத்தியமாக அது காட்சிக்கே உதவும். ஸ்தல ஸ்தாபனங்கள் பணம் செலவிடுகின்றனவா என்று கேட்பதோடு நில்லாமல், எதில் செலவிடுகின்றன என்றும் ஜனங்கள் கேட்க வேண்டும்.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். "ஏழைகளின் தலையில் இன்னொரு வரியா? ஆரோக்கியம் சர்க்காரின் பொறுப்பல்லவா?" என்பார்கள். ஆட்சேபம் நியாயமானதே. ஸ்தல உதவி என்ற அழகிய பெயரில் மேலிடம் தன் பொறுப்பைக் கழற்றி மீனவக் குப்பத்தின் மீது போடுமானால், அதை நாமே முதலில் எதிர்ப்போம். ஒரு குப்பத்தில் பாதுகாப்பற்ற தொட்டியில் தண்ணீர் பிடித்து வைக்கிறார்கள் என்றால், குழாயில் தினந்தோறும் தண்ணீர் வராததே அதற்குக் காரணம். தண்ணீர் கொடுக்காத சர்க்கார் தொட்டிக்கு அபராதம் போடுவது தர்மம் அன்று. ஆகவே யார் கொடுப்பது என்ற கேள்விக்கு முன்னால், யாரால் கொசு பெருகுகிறது என்ற கேள்வியைக் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்விக்குத் தமிழரின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. 1934-ல் மேட்டூர் அணை நீர் புதிய கால்வாய்களில் பாய்ந்ததும் பட்டுக்கோட்டைத் தாலுகாவில் மலேரியா பரவிற்று. விளைச்சலுக்கு வந்த நீர் காய்ச்சலையும் கொண்டுவந்தது. ராக்பெல்லர் ஸ்தாபனத்தைச் சேர்ந்த பால் ரஸ்ஸல் என்ற அமெரிக்க நிபுணர் அங்கே தங்கிப் பல வருஷம் ஆராய்ந்தார். காசாங்காடு கிராமத்து வீடுகளில் பைரீத்ரம் என்ற பூச்சி மருந்தைத் தெளித்துப் பார்த்தார். ஏழைக் கிராமத்துக்குத் தாங்கக்கூடிய செலவில் மலேரியாவைத் தடுக்க முடியுமா என்பதே அங்கே எழுந்த பிரச்னை. கால்வாய் வெட்டுவதற்குத் திட்டம் போட்டவர்கள், அதன் தேங்கல் நீரை வடிப்பதற்கும் அதே திட்டத்தில் பணம் ஒதுக்கியிருந்தால் அந்தப் பிரச்னை அவ்வளவு கொடியதாக இராது.

மலாயாவிலும் இதே பாடம்தான். 1901-ல் திறந்த போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்தில் வேலையாட்கள் மலேரியாவினால் சாய்ந்தபோது, துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. மால்கம் வாட்ஸன் என்ற வைத்தியர் சதுப்பு நிலத்தை வடித்தால் போதுமென்றார், வடித்தார்கள், நோய் தணிந்தது. பிறகு ரப்பர் தோட்டங்களிலும் அவ்வேலை பரவியது. அங்கே மடிந்துகொண்டிருந்தவர்களில் நமது தமிழ்த் தொழிலாளர் எத்தனையோ பேர். தோட்ட முதலாளிகள் வடிகாலுக்குப் பணம் கொடுத்தது கருணையால் மாத்திரம் அன்று. ஆள் சாய்ந்தால் வேலை சாயும் என்ற கணக்கினாலும்தான். லாபம் அடைகிறவனே காப்புச் செலவையும் ஏற்க வேண்டும் என்ற நியாயம் அதில் இருக்கிறது. அந்த நியாயம் இன்றைய புதுவைக்கும் பொருந்தும். கடற்கரையோரம் எழும் விடுதிகளும், நாலா பக்கத்திலும் வளரும் மாடிக் கட்டிடங்களும் லாபம் தருகின்றன. வேலைக்காக ஒரிஸ்ஸாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வரும் தொழிலாளி, தன் ஊர்க் காய்ச்சலை உடலில் சுமந்து வரலாம். அவன் தங்கும் கொட்டகைக்கு அருகிலேயே, கட்டிடத்துக்கென்று தேக்கிய நீரில் கொசு காத்திருக்கிறது. குற்றம் அத்தொழிலாளியுடையதன்று. அவனுக்கு இரத்தப் பரிசோதனையும் மருந்தும் கூலி இழப்பில்லாமல் கிடைக்கச் செய்வது வேலை கொடுப்பவரின் கடமை. அதைப் பார்ப்பது ஊரின் கடமை.

இங்கே நாம் விஷயத்தின் மையத்துக்கு வருகிறோம். ஊர்ப் பணம் வேண்டுமென்றால் ஊர்ச் சபை வேண்டும். வாக்குரிமை இல்லாத இடத்தில் வரி கேட்பது சுதந்திர தேசத்தின் முறையன்று. புதுவையின் நிலைமை என்ன? பிரஞ்சு ஆட்சிக் காலத்திலேயே, 1880-ல், முனிசிபல் சபைகளைப் பெற்ற ஊர் இது. 1954 நவம்பர் 1-ந் தேதி பிரஞ்சு ஆட்சி நீங்கி நாம் தாய்நாட்டோடு சேர்ந்தோம். அப்புறம் 1968-ல் ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் நடந்தது. 1973-ல் நகரசபைகளுக்கு ஒரு சட்டமும், கிராம, கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கு ஒரு சட்டமும் இயற்றப்பட்டன. சட்டம் புத்தகத்தில் இருந்தது. தேர்தல் மாத்திரம் வரவில்லை. அடுத்த தேர்தல் நடந்தது 2006-ல். நடுவே 38 வருஷம்! அதில் தேர்ந்தெடுக்கப்பட்ட சபைகளின் காலம் 2011-ல் முடிந்தது. அதன் பிறகு பத்து வருஷம் கழிந்து, 2021-ல் தேதி குறித்தும், வழக்குகளுக்கிடையே தேர்தல் நின்றுபோயிற்று. இத்தனை நீண்ட காலம் நகரசபை என்பது அதிகாரிகளின் ஆபீஸாக இருந்ததேயன்றி ஜனங்களின் சபையாக இருக்கவில்லை.

இதன் பலன் பணத்திலும் தெரிகிறது. 15-வது நிதிக் கமிஷன் 2021 முதல் 2026 வரையில் ஸ்தல ஸ்தாபனங்களின் வழியாக ஆரோக்கியப் பணிக்கென்று 70,051 கோடி ரூபாய் சிபாரிசு செய்தது. அது ராஜ்யங்களுக்கு ஏற்பட்டது. சட்டசபை இருந்தும் யூனியன் பிரதேசமாக இருக்கும் புதுவை அந்தக் கமிஷனின் வரம்புக்குள் வரவில்லை. ராஜ்யங்களுக்குக் கிடைக்கும் வழி நமக்கு அடைத்திருக்கிறது. நாமே தேடிக்கொள்ளும் வழியையோ, தேர்தல் நடத்தாமல் நாமே அடைத்துக்கொண்டோம். வார்டுக்கு ஒரு பிரதிநிதி இருந்தால், எந்தத் தெருவில் எந்தக் கிணறு திறந்து கிடக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அதைக் கவனிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் தமக்கு என்ன கிடைக்கும் என்பதும் தெரியும். மாற்றலாகிப் போகும் அதிகாரிக்கு இந்த இரண்டில் ஒன்றும் இல்லை.

ஆகையால் நாம் கோருவது இவை. முதலாவது, ஒவ்வொரு நகரசபையும் ஒவ்வொரு கொம்யூன் பஞ்சாயத்தும் தன் பட்ஜெட்டில் கொசு ஒழிப்புக்குத் தனித் தலைப்பு ஒன்று வைத்து, வரவையும் செலவையும் ஜனங்கள் அறியத் தமிழில் வெளியிட வேண்டும். நோயாளிகள் குறைந்தார்கள் என்ற காரணத்தினால் அந்தத் தொகையைக் குறைக்கலாகாது. தீ அணைந்தது என்று தீயணைப்புப் படையைக் கலைப்பார் உண்டோ?

இரண்டாவது, வீட்டு வரியில் ஒரு சிறு பகுதியை இதற்கென்று பிரித்து வைக்க வேண்டும். சிறு வீடுகளுக்கும் குப்பங்களுக்கும் புதிய பாரம் ஒன்றும் கூடாது. பெரிய கட்டிடம் எழுப்புகிறவர்களிடமும் விடுதி நடத்துகிறவர்களிடமும் அனுமதி கொடுக்கும்போதே இதற்கான கட்டணம் வாங்க வேண்டும்.

மூன்றாவது, மூடாத தொட்டிக்கும் கிணற்றுக்கும் நோட்டீஸ் கொடுப்பதென்றால், முதல் நோட்டீஸ் சர்க்கார் கட்டிடங்களுக்குப் போக வேண்டும். ஆபீஸ்களின் மாடியில் புழு நெளியும்போது ஏழையின் குடத்தைக் கவிழ்க்கச் சிப்பந்தியை அனுப்பினால், யார் மதிப்பார்கள்?

நான்காவது, மேலிடத்து உதவி ஊர்ப் பணத்தோடு இணைந்து வர வேண்டும். ஊர் ஒரு ரூபாய் போட்டால் சர்க்காரும் ஒரு ரூபாய் போடட்டும். குப்பங்கள் உள்ள வறிய கொம்யூன்களுக்கு இரண்டாகப் போடட்டும். அப்பொழுது ஊர் கொடுப்பதற்கு உற்சாகம் உண்டாகும். மேலிடமும் நழுவ முடியாது.

ஐந்தாவது, கடற்கரைக் கிராமங்களில் பாசி வாரியது போல் கிராமத்தார் உழைப்பு வேண்டிய இடங்களில், அந்த உழைப்புக்குக் கூலியோ வரும்படியோ கிடைக்கும்படி திட்டம் அமைய வேண்டும். ஏழையிடம் இலவச உழைப்பும் பணக்காரரிடம் நல்லெண்ணமும் கேட்கும் திட்டம் நியாயமும் ஆகாது, நீடிக்கவும் நீடிக்காது.

ஆறாவது, எல்லாவற்றுக்கும் ஆதாரமாக, ஸ்தல ஸ்தாபனத் தேர்தல்கள் காலந்தவறாமல் நடக்க வேண்டும்.

பொது வாழ்வில் ஈடுபட்ட நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய கிளர்ச்சிகளுக்குக் கூட்டம் சேர்வது எளிது. கிணற்றுக்கு மூடி, தொட்டிக்கு வலை, பட்ஜெட்டில் ஒரு தலைப்பு என்பவற்றுக்குக் கூட்டம் சேராது, மாலையும் விழாது. ஆனால் சுயராஜ்யம் என்பது ஊருக்குள் வரும்போது இந்த உருவத்தில்தான் வரும். மலேரியாக் கிருமியை 1880-ல் அல்ஜீரியாவில் லாவரான் என்ற பிரஞ்சு ராணுவ வைத்தியர் கண்டார். 1897-ல் நமது செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் அதைக் கண்டார். நோயின் வழி தெரிந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. தெரியாமையால் யாரும் இன்று சாகவில்லை. தெரிந்ததை ஒவ்வொரு வாரமும் செய்ய ஆளும் பணமும் இல்லாமையால்தான் சாகிறார்கள்.

புதுவையில் காய்ச்சல் தணிந்திருக்கும் இந்தத் தருணமே பணத்துக்கு ஏற்பாடு செய்யத் தக்க தருணம். காய்ச்சல் திரும்பிய பிறகு பணம் தானாகவே வரும்; அப்பொழுது வரும் பணம் பிணங்களை எண்ணிக்கொண்டு வரும். அதற்கு முன்பே கொடுக்கிற ஊரே புத்தியுள்ள ஊர். புதுவை சர்க்கார் அடுத்த பட்ஜெட்டைத் தயாரிப்பதற்கு முன் இதை யோசிக்குமா? வார்டுதோறும் உள்ள நமது தொண்டர்கள் இதைக் கேட்பார்களா? கேட்பார்கள் என்றே நம்புகிறோம்.